அவர் சொன்ன கார்

வாங்க தம்பி, உள்ளே வாங்க. செருப்போட வந்தாலும் பரவாயில்லைங்க, தரை அப்படித்தான் கிடக்கு. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இப்படிக் கட்டில்லயே உட்காருங்க.

நீங்க வர்றது எனக்கு முன்னாடியே தெரிஞ்சது. போன் பண்ணினதைச் சொல்லலை. உங்க வண்டி மெயின் ரோட்டுல இருந்து லைனுக்குள்ள திரும்பினப்பவே தெரிஞ்சது. இந்த மில் லைனுக்கு வர்றதெல்லாம் ஆட்டோவும் பைக்கும்தான். இது கனத்த வண்டி. மண்ணை அரைச்சுக்கிட்டு வந்து நின்னது. கண்ணு ரெண்டும் மங்கிப்போச்சுங்க, வாசல்ல நிக்கறது ஆளா முருங்கை மரமானு தெரியாது. காது மட்டும் அப்படியே இருக்கு. "உனக்குப் பாம்புச் செவி"னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவார். பக்கத்து வீட்டுல உப்பு ஜாடி திறந்தாக் கூட எனக்குக் கேட்கும்னு கேலி பண்ணுவார்.

திருப்பூர்க்காரரோட வக்கீல்தானே நீங்க? குரலைக் கேட்டா ரொம்பச் சின்ன வயசாத் தெரியுதே. சரி சரி, படிச்சுட்டா வயசு எதுக்கு. போன்ல பதிவு பண்ணணுமா? பண்ணிக்குங்க. நடுவுல வைங்க. டீ வைக்கட்டுமா? வேண்டாமா? அப்புறமா வைக்கறேன்.

பேரு தெய்வாத்தாள்ங்க. வீட்டுக்காரர் பேரா? அதை நான் எப்படிங்க சொல்றது. சென்னிமலைச் சாமி பேருன்னு வச்சுக்குங்க. ஆமாங்க, அதேதான், சென்னியப்பன். நீங்கதான் சொன்னீங்க, நான் சொல்லலை.

பெரிய முதலாளிக்கு அவர்தான் கார் டிரைவர். கல்யாணத்துக்கு முன்னாடி இருந்து முதலாளி கண்ணை மூடற வரைக்கும் அவர்தான். கறுப்பு ப்யூக் காருங்க அது. கப்பல் மாதிரி இருக்கும். கோயமுத்தூர்ல அப்ப மில் முதலாளிங்க நிறையப் பேரு கார் வச்சிருந்தாங்க, ஆனா அந்தக் கார் போனா ஜனம் நின்னு பார்க்குமாம். பார்க்குமாம்னுதான் சொல்றேன், நான் பார்த்தது தூரத்துல இருந்துதான். ஷெட் மில் காம்பவுண்டுக்குள்ள. பொம்பளைங்களுக்கு அங்க என்ன வேலை?

உட்கார்ந்திருக்கேனாவா? அய்யய்யோ. அந்தப் பேச்சே கிடையாது. எங்க மல்லிகா பிறக்கறப்ப எனக்கு இடுப்பு வலி எடுத்துருச்சு. கார் ஷெட்டுல நிக்குது, சாவி இவர் இடுப்புல தொங்குது, முதலாளி ஊட்டிக்குப் போயிட்டார். லைன்ல எல்லாரும் சொன்னாங்க, "யாருக்குத் தெரியப் போவுது, எடுத்துட்டுப் போப்பா"னு. இவர் ஜங்ஷன் வரைக்கும் ஓடிப் போய் ஜட்கா வண்டி பிடிச்சுட்டு வந்தார். ஆஸ்பத்திரி கேட்டுக்கிட்டயே பிறந்துட்டா, ஜட்காவுலயே. அவ்வளவு நேர்மைங்க அவருக்கு. மல்லிகா இன்னைக்கும் குத்திக்காட்டுவா, "அந்தக் காரை எடுத்திருந்தா நான் மெத்தையில பிறந்திருப்பேன், உங்க ஊட்டுக்காரர் என்னைக் குதிரைச் சாணத்துல பெத்தார்"னு. உடுமலைப்பேட்டையில கட்டிக் கொடுத்திருக்கு. வாய் கொஞ்சம் நீளம்.

ஆனா தம்பி, உட்காரலையே தவிர அந்தக் காரை எனக்குத் தெரியாதுன்னு யாரும் சொல்லிட முடியாது. தினம் சாயங்காலம் காரைத் துடைச்சு ஷெட்டுல விட்டுட்டு வருவார். நான் தோசை ஊத்துவேன், அவர் கதை சொல்லுவார். இன்னைக்கு எங்க போனோம், யார் ஏறினாங்க, முதலாளி என்ன சொன்னாரு, முதலாளியம்மா என்ன வாங்கினாங்க. எனக்கு இந்த லைன் வீட்டை விட்டா ரேஷன் கடை. அவர் வாயாலதான் நான் மருதமலை போனேன், மெட்ராஸ் போனேன். பாதி தோசை கருகிடும், நான் வாயைப் பார்த்துட்டு நிப்பேன்.

மந்திரி கதை அப்படித்தான் தெரியும். மில்லுல புது ஸ்பின்னிங் பிரிவைத் திறக்க ஒரு மந்திரி வந்தாராம். பின்சீட்டுல உட்கார்ந்து சுருட்டுக் குடிச்சிருக்கார். இவர் ஒரு பள்ளத்துல வண்டியை விட, சுருட்டு விழுந்து சீட்டுல காசு அகலத்துக்குப் பொசுங்கிடுச்சாம். மந்திரி இறங்கறப்ப இவர் தோளைத் தட்டி, "டிரைவரே, பள்ளத்து மேல தப்பு, உம்மேல இல்ல"ன்னாராம். அதைச் சொல்லாத நாளே கிடையாது.

அப்புறம் ஒரு சினிமா நடிகை. மில் ஆண்டு விழாவுக்கு வந்தப்ப, கதவுல கை மாட்டி வளையல் உடைஞ்சிருச்சாம். ஒரு துண்டு கால்மிதிக்கு அடியில போய் ஒட்டிக்கிச்சாம். எடுத்துப் போட மனசு வராம அப்படியே விட்டு வச்சிருந்தார். ஒரு நாள் பச்சை வளையல்னு சொல்வார், ஒரு நாள் சிவப்புன்பார். நான் அதெல்லாம் கேட்டுக்கறதில்லை. ஆம்பளைங்களுக்கு வளையல் நிறம் எங்க நிக்கும்?

மயில் கதைதான் எனக்குப் பிடிச்சது. மருதமலை ரோட்டுல போறப்ப ஒரு மயில் பறந்து வந்து முன் மட்கார்டுல மோதிருச்சாம். உள்ளங்கை அளவுக்கு நெளிவு. இவர் பதறிப்போய், "முதலாளி, நாளைக்கே தட்டி எடுத்துடறேனுங்க"ன்னிருக்கார். முதலாளி கையைக் காட்டி நிறுத்திட்டாராம். "விடுப்பா. முருகன் வாகனம் நம்ம வாகனத்தைத் தொட்டிருக்கு. அப்படியே இருக்கட்டும்." எவ்வளவு பெரிய மனசு பாருங்க. அந்த மாசம் இவருக்குச் சம்பளம் பாதிதான் வந்தது. என்னங்க இதுனு கேட்டேன். மயிலைக் கொன்ன பாவம் தீர மருதமலை உண்டியல்ல போட்டுட்டு வந்தேன்னார். சாமி காரியம், நான் என்ன சொல்றது. கம்பும் கூழுமா அந்த மாசத்தை ஓட்டினோம்.

முதலாளி போய்ச் சேர்ந்தார், மில்லை மூடினாங்க. பசங்களுக்குள்ள பாகப்பிரிவினை. ஒரு நாள் காரைத் தார்ப்பாய் போட்டு மூடி லாரியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. எங்க போச்சு, யாருக்குப் போச்சு, ஒண்ணும் தெரியாது. இவர் வாசலுக்குக்கூட வரலை. துடைக்கற துணியை அலசிக் காயப்போட்டார், அவ்வளவுதான். அதுக்கப்புறம் அஞ்சாறு வருஷம் இருந்தார். கதை மட்டும் நிக்கலை.

ஜெயசீலன் வந்தது போன தைக்கு. பழைய கார்களை வாங்கிச் சரி பண்ணி விக்கிற பட்டறைக்காரர். நல்ல பையன் தம்பி, அப்படிச் சிரிக்காதீங்க. வந்ததும் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "அம்மா, முதலாளி காரு எங்கிட்டதான் இருக்கு. ஒரு குடோன்ல மட்கிக் கிடந்துச்சு. அதை உயிரோட கொண்டுவரப் போறேன். அதைப்பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதையெல்லாம் சொல்லுங்கம்மா"ன்னான்.

எத்தனை வருஷமாச்சு தம்பி, எங்கிட்ட ஒருத்தர் வந்து உட்கார்ந்து "சொல்லுங்க"ன்னு கேட்டு. மல்லிகாகிட்ட ஆரம்பிச்சாலே, "அம்மா, மயிலா? அடுப்புல பால் இருக்கு"ன்னு போனை வச்சுடுவா. இந்தப் பையன் அசையாம உட்கார்ந்து கேட்டான். இதோ, நீங்க இருக்கற இடத்துலதான். இப்ப நீங்க வச்சிருக்கற மாதிரியே போனையும் வச்சான். மந்திரி, வளையல், மயில், எல்லாம் சொன்னேன். மயில் எந்தப் பக்கம்மான்னு கேட்டான். இவர் சொல்றப்ப இடது கையை நீட்டித்தான் காட்டுவார், அதனால இடது பக்கம்னேன். வலது கையிலதான் தோசை இருக்குமே. வளையல் பச்சையா சிவப்பாம்மான்னான். பச்சைன்னே வச்சுக்கன்னேன். சுருட்டு விழுந்தது எங்கன்னான். மந்திரி இடது ஓரமாத்தான் உட்கார்ந்திருப்பாருன்னு சொன்னேன். மூணு தடவை வந்தான். ஒவ்வொரு தடவையும் ஆப்பிள் வாங்கிட்டு வந்தான், எனக்குப் பல்லு இல்லைனு அவனுக்குத் தெரியலை.

சித்திரையில வந்து கூட்டிட்டுப் போனான். அவினாசி ரோட்டுல பெரிய ஓட்டல். உள்ளே போனா மார்கழி மாசக் குளிர். வரிசையா காராம், மேல விளக்காம், வெள்ளைக்காரங்க ரெண்டு பேர் பேசறதுகூடக் கேட்டது. என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய், "அம்மா, பாருங்க"ன்னான்.

கண்ணு தெரியாதே, கையாலதான் பார்த்தேன். இடது மட்கார்டைத் தடவினேன். உள்ளங்கை அளவுக்கு நெளிவு, என் கை அதுல அப்படியே போய் உட்கார்ந்தது. கதவைத் திறந்தான். இடது ஓரத்துச் சீட்டுல என் விரலை வச்சான், காசு அகலத்துக்குப் பொசுங்கல். குனிஞ்சு கால்மிதியைத் தூக்கி, ஒரு வளையல் துண்டை என் கையில கொடுத்தான். "என்ன நிறம் கண்ணு?"ன்னேன். "பச்சைம்மா"ன்னான். பார்த்தீங்களா? இவர் பாதி நாள் சிவப்புன்னு சொன்னது தப்பு. பச்சைதான் சரி. காருக்குள்ளயே இருக்கே.

அந்தச் சீட்டுல உட்கார வச்சாங்க தம்பி. முதலாளியம்மா உட்கார்ந்த இடம். மல்லிகா பிறக்க வேண்டிய இடம். காரு முழுக்கப் புதுப் பெயிண்ட் வாசம், கல்யாண வீட்டுல வெள்ளையடிச்ச மாதிரி. இவர் சட்டையில வர்ற வாசம் வேற, அது பெட்ரோலும் விபூதியும் கலந்தது. அதைத் தேடினேன், வரலை. இத்தனை வருஷம் கழிச்சு வாசம் எங்க இருக்கும்? ஆனா அவர் சொன்னது ஒண்ணுவிடாம இருந்தது. ஒரு சொல்லுகூடக் குறையலை. அதை நெனைச்சதும் அழுகை வந்துடுச்சு. அடக்க முடியலை.

அந்த நேரம் பார்த்து ஒருத்தர் மைக்கை நீட்டினார். "அம்மா, இது உங்க கணவர் ஓட்டின அதே கார்தானே?"ன்னு கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நல்லாக் கேட்டுக்குங்க, பதிவு ஆகுதா? "அவர் சொன்ன கார்தாங்க இது"ன்னு சொன்னேன். அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை நான் சொல்லலை. அந்த மைக்குக்காரர் அதை இங்கிலீஷ்ல நீளமா என்னமோ சொன்னார். நான் சொன்னது நாலு வார்த்தை, அவர் சொன்னது நாற்பது இருக்கும். எல்லாரும் கை தட்டினாங்க. அப்புறம்தான் ஏலம். விலை ஏறிக்கிட்டே போச்சு, ஒருத்தர் சுத்தியல்ல தட்டினார். எனக்குப் பொன்னாடை போத்தினாங்க.

வாங்கினது உங்க ஆளு, திருப்பூர் பனியன் கம்பெனி குமரவேல். அவரே எங்கிட்ட வந்து, "எங்கப்பா இந்த மில்லுல பஞ்சு சிக்கெடுக்கற கார்டிங்ல வேலை செஞ்சவருங்க. கேட்டுக்கு வெளிய நின்னு இந்தக் காரைப் பார்த்தவரு. அவரை இதுல உட்கார வைக்கோணும்னுதான் எடுத்தேன்"ன்னார். எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு நெனைக்கறீங்க.

அந்த அப்பாதான் வினையே. கருப்பண்ணன்னு பேரு, எனக்கும் ஞாபகம் இருக்கு, வீம்பு பிடிச்ச மனுஷன். பின்சீட்டுல ஏறி உட்கார்ந்து, "இதென்னடா ஓட்டை?"ன்னிருக்கார். மந்திரி சுருட்டுப்பான்னு குமரவேல் சொல்ல, கெழவர் சிரிச்சாராம். "எந்த மந்திரி? முதலாளிக்கும் மந்திரிங்களுக்கும் ஆகவே ஆகாது. ஒரு மந்திரியும் மில் வாசலை மிதிச்சதில்ல. ஸ்பின்னிங்கைத் திறந்தது முதலாளியம்மாவாச்சே"ன்னாராம். அதோட விட்டாரா? அப்புறம்தான் ஆளைக் கூட்டிட்டு வந்து, காருக்கு அடியில படுத்துப் பார்த்தது. முன்பாதி ஒரு காராம், பின்பாதி வேற காராம். நடுவுல ஒட்டுப் போட்டது தெரியுதாம். நீங்கதானே போன்ல சொன்னீங்க.

சின்ன முதலாளியையும் கேட்டீங்களாம். பெங்களூர்ல இருக்கார், நல்லா இருக்கட்டும். மயிலும் கிடையாது ஒண்ணும் கிடையாதுன்னாராம். டிரைவர் ஒரு நாள் மில் கேட்டுல கொண்டு போய் மோதிட்டான், அப்பா பாதிச் சம்பளத்தைப் பிடிச்சுட்டாருன்னு சொன்னாராம். ஊட்டி கான்வென்ட்டுல படிச்சவருங்க அவர். லீவுக்கு வந்து போனவருக்கு மயிலைப் பத்தி என்ன தெரியும்? எங்க வீட்டுக்காரர் கேட்டுல மோதறதா? கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவார். அவரே சொல்லியிருக்கார்.

சரி, கேஸ்னு ஆனப்புறம் யார்தான் பொறுப்புன்னு கேட்டா எல்லாரும் எங்கிட்டயே வர்றீங்க. ஏலக் கம்பெனிக்காரர் என்ன சொல்றார்? "ஏலம் விடறது மட்டும்தான் எங்க வேலை. வண்டி இருக்கறது இருக்கறபடி. பார்த்து எடுக்க வேண்டியது எடுக்கறவங்க பொறுப்பு. நாங்க டிரைவர் சம்சாரம் சொன்னதைத்தான் மைக்ல சொன்னோம்." ஜெயசீலன் என்ன சொல்றான்? "நான் என் மனசுல இருந்தா சொன்னேன்? அந்தம்மா சொல்லுச்சு." இந்தப் பையனும் அப்படிச் சொல்லிட்டான் பாருங்க, ஆப்பிள் வாங்கிட்டு வந்த பையன். குமரவேல் என்ன சொன்னாராம்? "பட்டறைக்காரன் சொன்னதை நம்பலை, ஏலக்காரன் சொன்னதையும் நம்பலை. அந்தம்மா அழுததைப் பார்த்துத்தான் கை தூக்கினேன்." அழுததுக்குமா தம்பி நான் பொறுப்பு?

மல்லிகா போன்ல கத்தறா. "அம்மா, அந்தக் கார்ல நீ உட்கார்ந்ததே இல்ல. நீயெல்லாம் ஒரு சாட்சியா? இல்லைன்னு சொல்லித் தொலைச்சுட்டு நிம்மதியா இரு." அவளுக்கு என்ன, லேசாச் சொல்லிடுவா. நான் இல்லைன்னு சொன்னா, கோர்ட்டுல என்ன எழுதுவாங்க? மந்திரி இல்லை, நடிகை இல்லை, மயில் இல்லை, சென்னிமலைச் சாமி பேர் வச்ச மனுஷன் பொய்யன்னு எழுதுவாங்க. ஆமான்னு சொன்னா, அந்தக் கெழவர் முகத்துல எப்படி முழிக்கறது? அவரும் சாகறதுக்குள்ள அந்தக் கார்ல உட்காரணும்னு இருந்தவர்தானே. நீங்களே சொல்லுங்க. படிச்சவரு, ஒரு வழி சொல்லுங்க.



என்ன சொல்றீங்க? வாசல்ல நிக்கறது அந்தக் கார்தானா? அதுலயா வந்தீங்க?

நெனைச்சேன். கனத்த வண்டினு நெனைச்சேன். வந்து தொட்டுப் பார்த்துச் சொல்லணுமா? முட்டி வலிங்க, எந்திரிக்க முடியலை. கொஞ்சம் இருங்க. அந்தப் போனை அணைங்க. அணைச்சுட்டீங்களா? நெசமா? ஒண்ணு சொல்றேன். இது கோர்ட்டுக்கு இல்லை, உங்களுக்கு.

ஜெயசீலன் மூணு தடவை வந்து எல்லாம் கேட்டான். ஒண்ணை மட்டும் நான் சொல்லலை. "ஹார்ன் எப்படிம்மா?"ன்னு கேட்டான். எல்லாக் காருக்கும் இருக்கறதுதானேன்னு சொல்லிட்டேன். சொல்ல வாய் வரலை. இந்த லைனுக்குள்ள ஹார்ன் அடிக்கக் கூடாதுன்னு முதலாளி உத்தரவு. ராத்திரி ஷிப்டு பார்த்தவங்க பகல்ல தூங்குவாங்கல்ல. ஆனா இவர் ஷெட்டுக்குப் போறப்ப, லைன் கடைசியில அந்தத் தண்ணித் தொட்டி மூலையில ஒரு தடவை அழுத்துவார். ஒரு குட்டை, ஒரு நீளம். எருமை தூரத்துல கத்தற மாதிரி அடிவயித்துல இருந்து வரும். எனக்குத்தான் அது. தோசைக்கல்லை அடுப்புல வைன்னு அர்த்தம். முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். பிரசவத்துக்குக் காரை எடுக்காத மனுஷன், அதுக்கு மட்டும் பயப்படலை.

அது அவர் சொல்லி எனக்குத் தெரிஞ்சது இல்லைங்க. என் காதால கேட்டது. அந்தக் கார்ல எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்.

இல்லைங்க, வேண்டாம். அழுத்திக் காட்டறேன்னு சொல்லாதீங்க. நீங்க சொல்றது புரியுது, ஒரே நிமிஷத்துல தெரிஞ்சுடும், அதனாலதான் வேண்டாம்ங்கறேன். அவர் செத்தப்புறம் ஒரு சாயங்காலம்கூட அது கேட்காம இருந்ததில்லை எனக்கு. வேற ஒரு சத்தம் அது மேல விழுந்துட்டா அப்புறம் நான் எங்க போய்த் தேடுவேன்? டிரைவர்கிட்டச் சொல்லிடுங்க. போறப்ப அந்த மூலையில திருப்பம் இருக்கு, மெதுவாத் திருப்பினாப் போதும், அழுத்த வேண்டாம்னு...

என்ன அது, வாசல்ல கூச்சல்? லைன் பசங்களா? காரைப் பார்த்ததும் மொய்ச்சிருப்பாங்க. மேல ஏறிடுவாங்க தம்பி, ஓடிப் போய் உங்க டிரைவர்கிட்ட, அவங்களைக் கையால தள்ளி விடச் சொல்லுங்க, ஹார்னை மட்டும்...

...

என்ன கேட்டீங்க?

எந்தச் சத்தம்?

ஹார்ன் கீச்சுன்னு அடிச்சுதா? ரெண்டு தடவையா? உங்களுக்குக் கேட்டிருக்கும். எனக்கு ஒண்ணும் கேட்கலைங்களே. பேச்சு மும்முரத்துல இருந்தேன்.

இல்லைங்க, ஒண்ணுமில்லை. கண்ணுல எப்பவும் தண்ணி வரும், ஆபரேஷன் பண்ணச் சொல்லியிருக்காங்க.

பாம்புச் செவின்னு நானா சொன்னேன்? அது அவர் சொன்னதுங்க. அவர் சொன்னதையெல்லாம் நம்பலாமா தம்பி? இருங்க, டீ வைக்கறேன்.